நிலத்தை விற்க வேண்டாம் அண்ணாச்சி, முதலில் அந்த நோட்டைப் படியுங்கள்

அண்ணாச்சி, நேற்று நீங்கள் கடையை அடைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் அது போதாது என்று பட்டது, அதனால்தான் எழுதுகிறேன். இரண்டாவது தடவையும் நீட்டில் நினைத்த மார்க் வரவில்லை, மைத்துனர் வெளிநாட்டில் எம்பிபிஎஸ் சீட் பேசித் தருகிறேன் என்கிறார், விளாத்திகுளம் பக்கத்து நிலத்தை விற்றால் முதல் தவணை தேறிவிடும். இதுதானே உங்கள் கணக்கு? எனக்கு இந்தக் கணக்கில் சம்மதம் இல்லை. அங்கே படித்து வந்தாலும் இங்கே டாக்டராகப் பதிய இன்னொரு தேர்வு தேற வேண்டும், அது தேறாவிட்டால் நிலமும் இருக்காது, பட்டம் வைத்துப் பயனும் இருக்காது. அந்த நேரத்தில் மைத்துனர் வந்து நிற்க மாட்டார்.

பிள்ளை என் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், மருத்துவம் பற்றி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. பையிலிருந்த அந்த நோட்டைப் பற்றிக் கேட்டதும்தான் பேச ஆரம்பித்தாள். சிவப்புத் தண்டுக்கீரையை ஒரு தட்டில் ஜன்னலோரமும் இன்னொரு தட்டில் வீட்டு எல்இடி பல்புக்குக் கீழேயும் வளர்த்து, தினமும் உயரமும் நிறமும் குறித்து வைத்திருக்கிறாள். பல்புக்குக் கீழே இருந்தது நெடுநெடுவென்று வளர்ந்து வெளுத்துப்போனது ஏன் என்று என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு முழுத் துறையே இருக்கிறது, அண்ணாச்சி.

நம் கண்ணுக்குப் போதுமான வெளிச்சம் செடிக்குப் போதாது. அதனால்தான் செடிக்கான ஒளியை, நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸில் அளக்காமல், இலைமேல் விழும் ஒளித்துகள்களின் எண்ணிக்கையை மைக்ரோமோல் என்ற அலகில் அளக்கிறார்கள். நீல எல்இடியைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது, இன்றைக்கு வீட்டில் எரிகிற வெள்ளை பல்புக்குள் இருப்பதும் அந்த நீல எல்இடிதான். அது கைக்கு வந்தபின் செடிக்கு வேண்டிய நிறத்தை மட்டும் கொடுத்து வளர்க்க முடிகிறது. சிவப்பு லெட்யூஸ் கீரைக்கு நீலம் கூட்டினால் ஆந்தோசயனின் என்கிற நிறமி ஏறி இலை கருஞ்சிவப்பாகும். துளசியின் இனமான பேசிலுக்குக் கொஞ்சம் புறஊதா காட்டினால் பீனாலிக் சேர்மங்கள் கூடுகின்றன. வெயிலின் கடுமையிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள இலை உண்டாக்குகிற பொருள்கள்தான் இவற்றில் பல, நமக்கு நன்மை தருவதும் அவைதான். ஆனால் நீலத்தை ரொம்பக் கூட்டினால் இலை சிறுத்து மொத்த விளைச்சல் குறையும். எந்த நிறம், எத்தனை மணி நேரம், அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு என்று ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பொறுமையாக நோட்டு எழுதுகிற ஆள் வேண்டும்.

உங்கள் நிலத்திலேயே நித்தியகல்யாணி போட்டிருந்ததாகச் சொன்னீர்கள். அந்த இலையிலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் வருகின்றன, குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுக்கு வின்கிரிஸ்டின் கொடுக்கிறார்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பார்கள். சிவப்பு எல்இடியில் வளர்த்தால் அதற்கு மூலமான விண்டோலினும் கேதரான்தினும் இலையில் கூடுவதையும், 370 நானோமீட்டர் பக்கத்துப் புறஊதா ஒளி அந்த இரண்டையும் இணையத் தூண்டுவதையும் ஜப்பானில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீங்கள் மூட்டை கட்டி எடைபோட்டு விற்ற அதே இலை, அண்ணாச்சி. உங்கள் மகளுக்கு இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தீர்களா?

சரி, படிப்பு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை இளநிலைப் படிப்பு நான்கு வருடம், பிளஸ் டூ மார்க்கில்தான் இடம், நீட் கிடையாது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது, திருச்சியில் பெண்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் தாவரவியல் சேரட்டும், ஒன்றும் குறைந்துபோகாது. முதுநிலையில் பயிர் எப்படி வளர்கிறது, இயங்குகிறது என்று படிக்கிற பயிர் வினையியலோ மூலிகைப் பயிர்களோ எடுக்க வேண்டும். சாற்றிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கிற ஹெச்பிஎல்சி கருவியைத் தன் கையால் இயக்கப் பழக வேண்டும், இலைக்குள் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கத் தெரிந்தவருக்கு மூலிகை மருந்துக் கம்பெனிகளின் தரப் பரிசோதனைக் கூடத்திலும் வேலை உண்டு. ஆராய்ச்சிக்குப் போவதானால் லக்னோவில் சீமேப் என்ற மத்திய அரசின் மூலிகை, நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. முதுநிலைக்குப் பின் எழுதுகிற நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும், அப்போது உங்களிடம் அவள் கை நீட்ட வேண்டியதில்லை.

பட்டம் வாங்கிய மறுநாளே பெரிய சம்பளம் வரும் என்று நான் சொல்லவில்லை, முதுநிலை வரைக்கும் போயே ஆக வேண்டும். இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இதைக் கேள்விப்பட்டு யாராவது வந்து, ஊதா விளக்கு மாட்டி ரூமுக்குள் கீரை வளர்க்கலாம், பணம் போடுங்கள் என்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நம் ஊர் வெயிலை வைத்துக்கொண்டு சாதாரணக் கீரைக்குக் கரண்ட் பில் கட்டுவது நஷ்டம். நான் சொல்வது படிப்பை மட்டும்தான்.

விண்ணப்பத் தேதி போவதற்குள் பிளஸ் டூ மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாருங்கள், கூடவே அந்த நோட்டும். நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.