வவுனியாவில் குடிநீர், சிறுநீரக நோய், தண்ணீர் வியாபாரம்: நான்கு துறை சேர்ந்த ஆய்வை எப்படிக் கோர்ப்பது?

கேட்கப்பட்டது இதுதான்: "முதுமாணி ஆய்வுக்கு வவுனியாவைக் களமாக எடுக்க யோசிக்கிறேன். சிறுநீரக நோய், கிணற்றுத் தண்ணி, ஆர்.ஓ. (மென்சவ்வினூடு வடித்து உப்பு நீக்கிய) தண்ணி வியாபாரம், நகர நீர்வழங்கல், அதற்கான சட்டம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கலாமா? எங்கே சறுக்கும்?"

பார்க்கலாம். ஆனால் மருத்துவத்துக்கு ஓர் அத்தியாயம், சட்டத்துக்கு ஓர் அத்தியாயம் என்று பிரித்து எழுதினால் கடைசியில் நான்கு அரைகுறை ஆய்வுகள்தான் மிஞ்சும். நான்கையும் கட்டிவைக்க ஒரே அலகு வேண்டும். வன்னியில் அந்த அலகு வீடும் அந்த வீட்டின் கிணறும். வீட்டுக்கு ஓர் இலக்கம், கிணற்றுக்கு ஓர் இலக்கம் கொடுங்கள். இரத்தப் பெறுபேறு, தண்ணி மாதிரி, மாதம் தண்ணிக்குச் செலவாகும் காசு, குழாய் இணைப்பு இருக்கா இல்லையா, எல்லாம் அந்த இரண்டு இலக்கங்களில் வந்து சேரவேண்டும். சேராத தரவை எடுக்கவே வேண்டாம்.

இனி அதிகம் சறுக்கும் இடம். காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியா பக்கம் முதலில் கவனத்துக்கு வந்தது. பிறகு எல்லை தாண்டி வவுனியா தெற்கு, வெங்கலச்செட்டிகுளம் பிரதேசங்களிலும் நோயாளர் கண்டறியப்பட்டனர். இது ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளரும் நோய். இன்றைக்கு ஒருவர் குடிக்கும் தண்ணியை அளந்து, இன்றைய இரத்தப் பெறுபேற்றோடு ஒப்பிட்டால் தலைகீழான முடிவுகூட வரும். நோய் என்று தெரிந்ததும் அந்தக் குடும்பம் ஆர்.ஓ. தண்ணிக்கு மாறியிருக்கும், நோயில்லாத பக்கத்து வீடு கிணற்றுத் தண்ணியே குடித்துக்கொண்டிருக்கும். அப்போது ஆர்.ஓ. தண்ணி குடிப்பவர்களுக்கு நோய் கூட என்று உங்கள் அட்டவணை சொல்லும்!

ஆகவே தேவைப்படுவது ஒவ்வொருவரினதும் தண்ணி வரலாறு. அநுராதபுரத்தில் ஒரே ஊரில் ஒரே கிணற்றில் நாற்பது வருடம் குடித்த ஆளைக் காணலாம். வன்னியில் அது அரிது. யாழ்ப்பாணத்திலிருந்து 1995 ஒக்டோபரில் வந்தவர், 1996 இல் கிளிநொச்சியை விட்டு நகர்ந்தவர், 2009 இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பவுசர் தண்ணி குடித்தவர், மீள்குடியேறிய பிறகு புதுக் குழாய்க்கிணறு அடித்தவர் எல்லாரும் ஒரே கிராம அலுவலர் பிரிவில் இருப்பார்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் இளமைக்காலத் தண்ணி முற்றிலும் வேறு. "எந்த ஆண்டில் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. பெரிய நிகழ்வுகளை வைத்து ஒரு கால அட்டவணை செய்துகொண்டு, "சுனாமி வந்த நேரம் எந்தக் கிணறு? மெனிக் பாமுக்கு முதல் எந்த ஊர்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் பிறந்த ஆண்டையும் பக்கத்தில் எழுதினால் தாய்மார் தாங்களே திருத்துவார்கள். ஒரு ஆளுக்கு இதற்கே இருபது நிமிடம் பிடிக்கும். வினாக்கொத்தில் வேறு எதையாவது வெட்டுங்கள், இதை வெட்டவேண்டாம்.

இன்றைக்கு என்ன குடிக்கிறார்கள் என்பதும் லேசான கேள்வி அல்ல. "பில்டர் தண்ணிதான்", அதாவது ஆர்.ஓ. தண்ணிதான் என்பார்கள். அது உண்மைதான், வீட்டில் இருக்கும்போது குடிக்கும் தண்ணியைப் பொறுத்தவரை. தேத்தண்ணியும் சோறும் கிணற்றுத் தண்ணியில் நடக்கும், வயலுக்குப் போகும் கானில் வயற்கிணற்றுத் தண்ணி இருக்கும். தண்ணியைக் கொதிக்கவைத்தால் புளோரைட்டு போகாது, ஆவியாகும் அளவுக்குச் செறிவு கூடும். தேயிலையிலும் புளோரைட்டு இருக்கிறது. ஆகவே நேற்றுக் காலையிலிருந்து இரவுவரை நடந்ததை வரிசையாகக் கேட்டு, அவர்கள் வீட்டுச் செம்பையோ கோப்பையையோ வாங்கி, அளவுச்சாடியால் அதன் கொள்ளளவைக் குறியுங்கள்.

மாதிரி அளவு. பலரும் 384 என்று எழுதிவிட்டுப் போவார்கள். அந்த எண் 50 சதவீதப் பரம்பலையும் ±5 வழுவையும் எடுத்துக்கொண்டு வருவது. நோய் 10 சதவீதம் அளவில் இருக்கும் என்று எதிர்பார்த்தால் ±5 பயனில்லை. 5 முதல் 15 வரை எங்கும் இருக்கலாம் என்பது ஒரு முடிவே அல்ல. ±3 என்று வைத்தால் திரும்ப 384 தான் வரும், ஆனால் இப்போது அதற்கு நியாயம் இருக்கிறது. கொத்து முறையில் (முதலில் பிரிவுகளைத் தெரிந்து, பிறகு அவற்றுக்குள் ஆட்களை) எடுப்பதால் 2 ஆல் பெருக்கி 768, மறுப்பவர்களுக்கு 10 சதவீதம் விட்டால் ஏறக்குறைய 854. வவுனியா மாவட்டத்தில் 102 கிராம அலுவலர் பிரிவுகள் உள்ளன. சனத்தொகை விகிதப்படி 30 பிரிவுகளைத் தெரிந்தால் பிரிவுக்கு 29 பேர். தனி ஒருவருக்கு இது பெரிய வேலை. முடியாவிட்டால் பரம்பல் அளக்கும் எண்ணத்தை விட்டு, செட்டிகுளத்தில் இரண்டு, நகரத்தில் இரண்டு பிரிவுகளை எடுத்து ஆழமாகப் பாருங்கள். முதுமாணி ஆய்வுக்கு இரண்டாவது வழிதான் நல்லது என்பது என் கருத்து.

எந்த நேரம் போகிறீர்கள் என்பதும் முடிவை மாற்றும். பகல் பத்து மணிக்கு வீடு வீடாகப் போனால் பெண்களும் முதியவர்களும்தான் இருப்பார்கள். இந்த நோய் கூடுதலாகக் காணப்படுவது கமம் செய்யும் ஆண்களிடம், அவர்கள் அந்த நேரம் வயலில். பின்னேரம் ஐந்துக்குப் பிறகோ ஞாயிறு காலையோ போங்கள். அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச்சில் இரத்தம் எடுக்கவேண்டாம். வெயிலில் வேர்த்து உடல் வறண்டவருக்கு கிரியேட்டினின் (சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வடித்து அகற்றும் கழிவு) தற்காலிகமாகக் கூடும், இல்லாத நோய் இருப்பதுபோலத் தெரியும். முதல்நாள் இரவு நிறைய இறைச்சி சாப்பிட்டிருந்தாலும் அப்படித்தான்.

இரத்தம் எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் சீரத்தை (இரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீர்) பிரிக்கவேண்டும். நெடுங்கேணியில் எடுத்து வவுனியா நகரத்துக்குக் கொண்டுவருவதென்றால் அந்த இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி வீதியிலேயே போய்விடும். கையோடு சிறிய மையநீக்கி ஒன்றைக் கொண்டுபோய், மின்சாரம் உள்ள பாடசாலையிலோ பொதுநோக்கு மண்டபத்திலோ வைத்துப் பிரித்து, பிறகு குளிர்பெட்டியில் கொண்டுவாருங்கள். சிவந்துபோன சீரத்தை ஆய்வுகூடத்துக்கு அனுப்பாமல் அங்கேயே ஒதுக்குங்கள். கிரியேட்டினினை ஜாஃபே முறையில் பார்க்கிறார்களா நொதிய முறையிலா என்று முதலே கேட்டு எழுதிவையுங்கள். பாதியை ஒன்றிலும் மீதியை மற்றதிலும் பார்த்தால் ஒப்பிட முடியாது. கிரியேட்டினினை வைத்து, சிறுநீரகத்தின் வடிகட்டல் வீதத்தை 2021 ஆம் ஆண்டின் சி.கே.டி–எபி சமன்பாட்டில் கணக்கிடுங்கள். அது நிமிடத்துக்கு 60 மி.லீ. (1.73 சதுர மீற்றர் உடற்பரப்புக்கு) இற்குக் குறைவாகவோ, சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் கிராமுக்கு 30 மி.கி. அல்லது அதற்கு மேலாகவோ இருந்தால் மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்கவேண்டும். ஒருமுறைப் பெறுபேற்றை வைத்து "நாட்பட்ட" என்று எழுத முடியாது. சிறுநீரில் தாள் தோய்த்துப் பார்க்கும் புரதச் சோதனையை மட்டும் நம்பவேண்டாம். இந்த நோயில் ஆரம்பத்தில் புரதம் குறைவாகவே வெளியேறும், தாள் நிறம் மாறாது.

தண்ணி மாதிரிக்கு பொலித்தீன் போத்தல்தான். கண்ணாடியோடு புளோரைட்டு தாக்கமுறும். குழாய்க்கிணறென்றால் ஐந்து நிமிடமாவது இறைத்துவிட்டு, அதே தண்ணியால் போத்தலை மூன்றுதரம் அலசி நிரப்புங்கள். பார உலோகங்களுக்குத் தனிப் போத்தல், நைத்திரிக்கமிலம் சேர்த்து பி.எச். 2 இற்குக் கீழே கொண்டுவரவேண்டும். அமிலம் சேர்த்த அதே போத்தலில் நைத்திரேற்றுப் பார்த்தால் நீங்கள் சேர்த்த அமிலத்தைத்தான் அளப்பீர்கள். நைத்திரேற்று 4 பாகையில் வைத்து 48 மணி நேரத்துக்குள், கிருமிச் சோதனை கிருமியழித்த போத்தலில் கூடியது 24 மணி நேரத்துக்குள். பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டையாக எடுங்கள். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614:2013 இல் புளோரைட்டு லீற்றருக்கு 1 மி.கி., மொத்தக் கடினத்தன்மை 250, மொத்தக் கரைதிண்மம் 500, நைத்திரேற்று 50 என்பன எல்லைகள். உலக சுகாதார நிறுவனத்தின் புளோரைட்டு எல்லை 1.5, எதை வைத்து ஒப்பிட்டீர்கள் என்று ஒவ்வொரு அட்டவணையிலும் எழுதுங்கள். மாரிக்குப் பிறகு ஜனவரியில் ஒருதரம், ஓகஸ்ட் வறட்சியில் ஒருதரம் எடுக்காமல் கிணற்றைப்பற்றி எதுவும் சொல்ல முடியாது.

காரணத்தைப்பற்றி எழுதும்போது அவசரப்படவேண்டாம். கடினத்தன்மையும் புளோரைட்டும், பூச்சிகொல்லி, களைகொல்லி, கட்மியம், வெயிலில் நீரிழப்பு எல்லாவற்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். கடினத்தன்மை மட்டும் காரணமென்றால் சுண்ணாம்புக்கல்லில் ஊறிய யாழ்ப்பாணத்துத் தண்ணி குடிக்கும் சனத்திடம் இந்த நோய் முதலில் தெரிந்திருக்கவேண்டும். வவுனியாவின் அடியில் இருப்பது பளிங்குருப்பாறை, புளோரைட்டு அதன் கனிமங்களிலிருந்து வருகிறது. பூநகரி, பச்சிலைப்பள்ளிக் கரையோரத்தில் பிரச்சினை உவர். வன்னி முழுவதையும் ஒரே நிலத்தடி நீராக எடுத்த ஆய்வு அந்த இடத்திலேயே பிழைத்துவிடும்.

வியாபாரப் பக்கம் வாருங்கள். ஆர்.ஓ. நிலையத்துக்குக் கரைதிண்ம மானி ஒன்று, 20 லீற்றர் வாளி ஒன்று, நேரம் பார்க்கக் கைபேசி போதும். மானியைக் காலையில் நியமக் கரைசலில் சரிபார்த்துவிட்டு, கிணற்றுத் தண்ணி, விற்கும் தண்ணி, கழிவுத் தண்ணி மூன்றையும் அளவுங்கள். வாளி நிரம்ப எடுக்கும் நேரத்தையும் குறியுங்கள். உதாரணத்துக்கு விற்கும் குழாயில் 60 விநாடி, கழிவுக் குழாயில் 90 விநாடி என்றால் உள்ளே போகும் தண்ணியில் 60 சதவீதம்தான் விற்பனைக்கு வருகிறது. கரைதிண்மம் கிணற்றில் 800, விற்பதில் 40 என்றால் கழிவில் 1940 அளவில் இருக்கவேண்டும். அளந்தது அதைவிட வெகுவாகக் குறைந்தாலோ கூடினாலோ எங்கோ அளவு பிழை. மென்சவ்வு தாண்டிய தண்ணியோடு அதே கிணற்றின் பச்சைத் தண்ணி கலக்கப்படுகிறதா என்பதை இந்தக் கணக்கு காட்டாது, அதைக் குழாய்களைப் பார்த்தும் கேட்டும்தான் அறியவேண்டும். கலப்பது குற்றம் என்று எடுத்த எடுப்பில் எழுதவேண்டாம். சுவைக்காகவும் கனிமத்துக்காகவும் கலப்பது உண்டு. எவ்வளவு, யார் தீர்மானித்தது என்பதுதான் கேள்வி. மானி புளோரைட்டைக் காட்டாது என்பதையும் மறக்கவேண்டாம், அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

அந்தக் கழிவு எங்கே போகிறது என்று குழாயைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். பக்கத்து வாய்க்காலிலோ அதே வளவிலோ விட்டால் உப்பு நிலத்தடிக்கே திரும்பும். நகரத் திட்டமிடலோடு உங்கள் ஆய்வு உண்மையாகத் தொடும் இடம் இதுதான். ஆசிய அபிவிருத்தி வங்கி 2008 இல் அங்கீகரித்த உலர் வலய நகர நீர்வழங்கல் திட்டத்தில் வவுனியாவுக்குப் பேராற்று நீர்த்தேக்கம் வந்தது. குழாய்த் தண்ணி வந்த வீதியிலும் கான் தண்ணி விற்பனையாகிறதா, யார் வாங்குகிறார்கள், லீற்றருக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வீட்டு இலக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள். விற்பனை நிலையத்தில் ஒரு மாதிரியும், அதே தண்ணி வீட்டுக் கானில் இரண்டு நாள் இருந்தபிறகு ஒரு மாதிரியும் கிருமிக்குக் கொடுங்கள். ஆர்.ஓ. தண்ணியில் எஞ்சிய குளோரின் இராது, கான் கழுவாவிட்டால் கெட்டுவிடும்.

சட்டம். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி கையில் வரும்வரை ஒரு துளி இரத்தமும் எடுக்க முடியாது, பிறகு வாங்கிச் சேர்க்கவும் முடியாது. மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். அதற்கு மேல் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம் என்று கடிதம் வேண்டும். நோயாளர் எண்ணிக்கை கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, பிறகு ஆணைக்குழு. கேள்வியைச் சரியாக எழுதாவிட்டால் மறுப்பு நிச்சயம்: ஆளின் மருத்துவப் பதிவு அவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கிடைக்காது. "பிரிவு வாரியாக, வயது, பால் அடிப்படையில் எண்ணிக்கை மட்டும்" என்று கேளுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சுகாதாரத் தரவு விசேட வகை. பெயர்ப் பட்டியலை இலக்கத்திலிருந்து பிரித்து வேறு இடத்தில் பூட்டிவையுங்கள். சம்மதப் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும், வவுனியா தெற்கில் பெரும்பான்மை சிங்களவர்.

கிராமத்தின் பெயரையோ கிணற்றின் ஆள்கூற்றையோ வெளியிடவேண்டாம். "சிறுநீரக நோய் உள்ள ஊர்" என்று பெயர் வந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசுவதிலிருந்து காணி விற்பதுவரை பாதிப்பு வரும்.

இந்தச் சனம் படிவம் நிரப்பிக் களைத்த சனம். ஆகவே பெறுபேற்றைத் திருப்பிக் கொடுப்பதற்கான செலவை முதல்நாளே பாதீட்டில் எழுதுங்கள். வீட்டுக்கு ஒரு தாள்: உங்கள் கிணற்றில் இவ்வளவு, எல்லை இவ்வளவு, அதற்கு என்ன செய்யலாம். இரத்தப் பெறுபேறு மூடிய உறையில் அந்த ஆளிடம் மட்டும், தேவைப்பட்டால் வைத்தியசாலைக் கிளினிக்குக்கான கடிதத்தோடு. புளோரைட்டு 1 மி.கி. தாண்டிய வீட்டில் எட்டு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் இறுதி அறிக்கைவரை காத்திருக்கவேண்டாம், பல் உருவாகும் வயது அது. பெறுபேறு வந்த கிழமையே போய், பிள்ளைக்குக் குடிக்கவும் பால்மா கரைக்கவும் வேறு தண்ணி எடுக்கச் சொல்லுங்கள்.