புள்ளி இல்லாத இடத்தில் வௌவால் இல்லையா?

கேள்வி: தென்னிந்திய வௌவால்களின் பரவல் வரைபடத்தைப் பார்த்தேன். சில இனங்களுக்கு ஓரிரு புள்ளிகள்தான், மற்றதெல்லாம் வெற்றிடம். அங்கெல்லாம் அவை கிடையாதா? வௌவால் ஒலியைப் பிடிக்கும் ஒலிக்கருவியோடு சுற்றி வந்தால் வரைபடத்தை நிரப்பிவிடலாமே?

பதில்: வெற்றிடத்தைக் கண்டால் நான் முதலில் கேட்பது, "அங்கே யாராவது போய்ப் பார்த்தார்களா?" என்றுதான். பல இடங்களுக்கு இன்னும் யாரும் போகவில்லை.

போய்ப் பிடித்து வந்தாலும் போதாது. 1948இல் மேகமலையில் கிடைத்த வௌவாலை, எங்கும் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி என்று எழுதிவைத்துவிட்டார்கள். 1972இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா, பதப்படுத்தி வைத்திருந்த அதே வௌவால் மாதிரியை ஆராய்ந்து, அது தனிப் பேரினம் என்று கண்டு, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். 24 ஆண்டுகள் அந்த இனத்துக்கு வரைபடமே இல்லை! அதனால்தான் பழைய மாதிரிகளை மறுபடி எடுத்துப் பார்ப்பதும் களப்பணிதான் என்கிறேன்.

ஒலிக்கருவி எனக்கும் பிடித்தமானது. பூச்சியுண்ணும் வௌவால் எழுப்பும், நமக்குக் கேட்காத மீயொலியை நம் காதுக்கு எட்டும்படி மாற்றித் தரும். இரையை நெருங்க நெருங்க 'டிக் டிக்' ஒலி நெருக்கமாகி, கடைசியில் துணி கிழிவதுபோல் 'ர்ர்ர்' என்று முடியும். ஆனால் பழந்தின்னிகளில் பெரும்பாலானவை கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறப்பவை. கூட்டமாகத் தலைக்கு மேல் போனாலும் கருவிக்கு அவை தெரியாது. தவளை, பல்லி பிடிக்கும் பெருங்காது வௌவாலின் குரலோ மிக மெல்லியது. இருண்ட மண்டபத் தரையில் தவளைக் காலும் அந்துப்பூச்சிச் சிறகும் சிதறிக் கிடந்தால் மேலே நிமிர்ந்து பாருங்கள்; அதுதான் தங்குமிடம். கருவியை மட்டும் நம்பினால் வரைபடம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

ஒற்றைப் புள்ளி உண்மையிலேயே ஒற்றைப் புள்ளியாக இருப்பதும் உண்டு. அதுதான் என்னைக் கலங்கவைக்கிறது. கோலார் இலைமூக்கு வௌவால் உலகிலேயே கர்நாடகத்தின் அனுமனஹள்ளியில் உள்ள ஒரு குகையில்தான் இருப்பதாகத் தெரிகிறது. சுற்றிலும் கருங்கல் பாறை. கல்லுடைப்பே அதற்கு எமன். அழியும் ஆபத்திலுள்ள உயிர்களைக் கணக்கிடும் உலகச் செம்பட்டியலில் 'மிக அருகிய இனம்' என்ற நிலை. அந்தக் குகை போனால் இனமே போயிற்று.

சட்டமும் வௌவால்களுக்கு வெகுகாலம் துணை நிற்கவில்லை. சலீம் அலி வௌவால் போன்ற விதிவிலக்கு தவிர, பழந்தின்னிகள் எல்லாம் 2022இல் வனவுயிர்ச் சட்டம் திருத்தப்படும்வரை எலியோடும் காகத்தோடும் 'தீங்குயிர்' பட்டியலில்தான் இருந்தன.

உங்களுக்குத் தெரிந்த தங்குமிடம் இருந்தால் உள்ளே போகாதீர்கள், தொடாதீர்கள். அந்தி நேரத்தில் வெளியே தள்ளி நின்று, கிளம்பிப் போகிறவற்றை எண்ணி, தேதியும் இடமும் மரத்தின் பெயரும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். ஒன்றுமே வராத மாலையையும் எழுதுங்கள், அதுவும் பதிவுதான்.