பழைய இசைக் குறுந்தகடுகள்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: என் தந்தையார் சேர்த்து வைத்த கர்நாடக இசைக் குறுந்தகடுகள் சுமார் 400 எங்கள் வீட்டில் உள்ளன. 2008ஆம் ஆண்டில் அவற்றை நொடிக்கு 128 கிலோபிட் எம்.பி.3 கோப்புகளாகக் கணினியில் ஏற்றினோம். இப்போது ஒலியை இழப்பின்றிச் சுருக்கும் ஃபிளாக் (FLAC) வடிவில் மறுபடியும் ஏற்றச் சொல்கிறார்கள். இருக்கும் எம்.பி.3 கோப்புகளையே ஃபிளாக்காக மாற்றிவிட்டால் போதாதா?
– வாசகர், ஏற்காடு

பதில்: போதாது. காது கவனிக்காது என்று கணித்த ஒலிக்கூறுகளை நீக்கித்தான் எம்.பி.3 கோப்பைச் சுருக்குகிறது. நீக்கியவற்றை எந்த மென்பொருளாலும் திரும்பப் பெற முடியாது. அதை ஃபிளாக்காக மாற்றினால் கோப்பின் அளவு மட்டுமே பெருகும். தகட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு தடங்கள் என்ற கணக்கில் நொடிக்கு 1,411 கிலோபிட் பதிவாகியிருக்கிறது. தங்கள் எம்.பி.3 கோப்புகளில் எஞ்சியிருப்பது அதில் பதினொன்றில் ஒரு பங்கு. ஃபிளாக் ஒரு பிட்டைக்கூட விடாமல், அளவை மட்டும் பெரும்பாலும் மூலத்தில் பாதி முதல் அறுபது விழுக்காடு அளவுக்குள் அடக்கிவிடுகிறது. தகட்டுக்குச் சராசரியாக 350 மெகாபைட் என்று வைத்தாலும் 400 தகடுகளுக்கு 140 கிகாபைட்தான் ஆகும்.

320 கிலோபிட் எம்.பி.3 கோப்புக்கும் தகட்டுக்கும் வேறுபாடு காண்பது பெரும்பாலோருக்கு அரிது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 128இல் நிலைமை வேறு. தம்பூராவின் ரீங்காரம் மெல்ல நீரோட்டம் போல் அலைவதையும், மிருதங்கத்தில் அடி விழுவதற்குச் சற்று முன்பே ஒரு மங்கல் இரைச்சல் எழுவதையும் நல்ல ஹெட்ஃபோனில் தாங்களே கேட்கலாம். மேலும், ஃபிளாக் கோப்பு கையில் இருந்தால், நாளை கைப்பேசிக்கோ காருக்கோ எந்த வடிவம் தேவைப்பட்டாலும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். தகட்டை மறுபடி தொட வேண்டியதில்லை. 2001இல் வெளியான இந்த வடிவம் எவருக்கும் கட்டணமின்றிக் கிடைப்பது. 2024இல் இணையப் பொறியியல் பணிக்குழுவின் தர ஆவணமாகவும் வெளியாகிவிட்டது. ஆகவே இது வழக்கொழிந்துவிடுமோ என்ற அச்சம் வேண்டாம்.

இந்த உழைப்பின் முழுப் பயனும் சரிபார்ப்பில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கணினிக் கோப்புகள் உள்ள தகட்டில் பிழைதிருத்தத்துக்குக் கூடுதலாக ஓர் அடுக்கு உண்டு. இசைத் தகட்டில் அது கிடையாது. கீறல் உள்ள இடத்தைப் படிக்க முடியாதபோது, சிடி டிரைவ் முன்னும் பின்னும் உள்ள மதிப்புகளைக் கொண்டு ஊகித்து நிரப்பிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் மேலே போய்விடும். சாதாரண மென்பொருள் இதைத் தங்களுக்குச் சொல்லாது. ஆகவே விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்.எல்.டி., லினக்ஸில் விப்பர் ஆகியவற்றுள் ஒன்றைப் பயன்படுத்துங்கள். இவை ஐயத்துக்குரிய இடங்களை மீண்டும் மீண்டும் படித்துப் பார்ப்பதுடன், அதே வெளியீட்டை உலகின் வேறு இடங்களில் ஏற்றியவர்களுக்குக் கிடைத்த சரிபார்ப்பு எண்ணை (பாட்டின் பிட்களிலிருந்து கணக்கிடும் எண்) அக்யூரேட்ரிப் என்னும் தரவுத்தளத்திலிருந்து பெற்று ஒப்பிடும். நம் ஊர்ச் சிறு நிறுவனங்களின் கச்சேரித் தகடுகள் பல அதில் இடம்பெற்றிருக்காது. அப்போது ஒவ்வொரு பாட்டையும் இருமுறை படிக்கச் செய்து, இரண்டு எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் வேறொரு டிரைவில் முயலுங்கள். இறுதியில் மென்பொருள் எழுதித் தரும் அறிக்கையையும் பாடல்களோடு சேர்த்து வையுங்கள்.

ஏற்காட்டின் பனிமூட்டத்தில் தகடுகளின் மேல் பூஞ்சணம் படிந்திருக்க வாய்ப்புண்டு. மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பெயர் அச்சிட்ட பக்கத்தில்தான் கூடுதல் கவனம் தேவை; ஒளியைத் திருப்பும் அலுமினியப் படலம் அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருப்பதால், அங்கே விழும் கீறல் ஆறாது.

பாட்டின் விவரங்களைத் தமிழிலேயே தட்டச்சு செய்யுங்கள். ஃபிளாக் கோப்பின் குறிப்புகள் யூனிகோடில் அமைபவை. தலைப்பு, பாடகர் என்பனவற்றோடு நின்றுவிடாமல் ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம் என ஆங்கில எழுத்தில் பெயரிட்டுப் புதிய கட்டங்களையும் சேர்க்கலாம். தகட்டு உறையின் சிற்றேட்டில் உள்ள இந்தச் செய்திகள் அயல்நாட்டுத் தரவுத்தளங்களில் அரிதாகவே கிடைக்கும். முடிந்தபின் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகல் எடுத்து, ஒன்றை மலைக்குக் கீழே சேலத்தில் உறவினர் வீட்டில் வைத்துவிடுவது நல்லது.

கேள்வி: ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்து எழுதி வாங்கிய தகடுகளும், ஒரே தகட்டில் நூற்றைம்பது பாட்டுகள் கொண்ட தகடுகளும் என்னிடம் உள்ளன. இவற்றையும் ஃபிளாக் வடிவில் ஏற்றலாமா?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: நூற்றைம்பது பாட்டுகள் உள்ளவை எம்.பி.3 தகடுகள். அந்தக் கோப்புகளை அப்படியே கணினியில் நகலெடுத்தால் போதும். கடையில் எழுதி வாங்கியவற்றுள் பலவும் எம்.பி.3 கோப்பிலிருந்து எழுதப்பட்டவையாக இருக்கலாம். ஸ்பெக் என்னும் இலவச மென்பொருளில் பாட்டின் அலைவரிசைப் படத்தைப் பாருங்கள். 16,000 ஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல் முடிந்தால் பெரும்பாலும் அதுவே காரணம். ஆயினும் கடையில் எழுதிய இவ்வகைத் தகடுகளில் பதிவைத் தாங்குவது சாயப் படலம் என்பதால், அச்சடித்து விற்ற தகடுகளைவிட இவை விரைவில் கெடும்; எனவே இவற்றையும் ஃபிளாக்கில் ஏற்றிவிடுங்கள். வீட்டு விசேஷத்திலோ கோயில் திருவிழாவிலோ நேரில் பதிவு செய்தவை இருந்தால் முதலில் அவற்றை எடுத்துவிடுங்கள். வேறெங்கும் அவை கிடைக்கமாட்டா.

கேள்வி: மாடர்ன் தியேட்டர்ஸ் படப் பாடல்களின் தகட்டில் கரகரப்பு அதிகம். ஃபிளாக்கில் ஏற்றினால் நீங்குமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: நீங்காது. இசைத்தட்டிலிருந்தோ பழைய நாடாவிலிருந்தோ எடுத்துத் தகடாக்கியபோதே வந்து சேர்ந்த கரகரப்பு அது. ஃபிளாக் அதையும் உள்ளபடியே காக்கும். இரைச்சலைக் குறைக்கும் மென்பொருளைப் பயன்படுத்த விரும்பினால், மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகலில் மட்டும், சிறிய அளவில் செய்து பாருங்கள். மிகுதியாகக் குறைத்தால் பாடுபவரின் மூச்சும் குரலின் கூர்மையும் இரைச்சலோடு சேர்ந்தே போய்விடும்.