ஹிடியோ நோமோ யார்? அவர் பெயருக்கு என்ன அர்த்தம்?

ஜப்பானைச் சேர்ந்த பேஸ்பால் பிட்சர், அதாவது பந்து எறிபவர். பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். நோமோ என்பது குடும்பப் பெயர். ஹிடியோ என்று அவர் எழுதும் இரண்டு எழுத்துகளையே ஜப்பானியர்கள் 'எய்யூ' என்றும் படிப்பார்கள். வீரன், நாயகன் என்று பொருள். ஆனால் 1995 தொடக்கத்தில் அந்த நாயகனைச் சொந்த ஊர்ப் பத்திரிகைகள் துரோகி என்றுதான் திட்டின.

1968இல் ஒசாகாவில் பிறந்தவர். 1990இல் கிண்டெட்சு பஃபலோஸ் என்ற ஜப்பானிய அணிக்கு வந்த முதல் வருடமே 18 வெற்றி, 287 ஸ்ட்ரைக் அவுட் (பேட்ஸ்மேனைப் பந்தை அடிக்கவிடாமலே அவுட் ஆக்குவது). இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, முதுகு பேட்ஸ்மேனுக்குத் தெரியும் அளவுக்குத் திரும்பி, அப்படியே சுழன்று எறிவார். அதற்குப் பெயரே டொர்னாடோ! கூடவே ஃபார்க்பால்: நேராக வருவதுபோல் வந்து பேட்டுக்குப் பக்கத்தில் சட்டென்று கீழே இறங்கும் பந்து.

பிறகு அணியோடு தகராறு. பல வருட ஒப்பந்தம் கேட்டார், தரவில்லை. ஜப்பானிய வீரர் நினைத்தபடி அணி மாற முடியாத காலம் அது. அவருடைய ஏஜென்ட் டான் நோமுரா விதிப் புத்தகத்தில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். ஓய்வு பெற்றவர் திரும்பி வந்தால் ஜப்பானுக்குள் பழைய அணிக்குத்தான் ஆட வேண்டும். வெளிநாட்டைப் பற்றி விதியில் பேச்சே இல்லை. 26 வயதில் நோமோ 'ஓய்வு' பெற்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியில் சேர்ந்துவிட்டார். சரியான கில்லாடித்தனம்.

1964இலேயே மசனோரி முராகாமி என்ற ஜப்பானியர் அமெரிக்காவில் ஆடியிருக்கிறார். ஆனால் கதவு நிஜமாகத் திறந்தது நோமோவால்தான். முதல் வருடம் 13 வெற்றி, 236 ஸ்ட்ரைக் அவுட், சிறந்த புதுமுக விருது. ஜப்பானில் திட்டியவர்களே காலையில் டிவி முன் உட்கார்ந்தார்கள்.

எனக்குப் பிடித்தது 1996 செப்டம்பர் 17 ஆட்டம். டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசு என்பதால் அடித்த பந்து கூடுதல் தூரம் பறக்கும், சுழற்றி எறிந்த பந்து சரியாக வளையாது, பிட்சர்களுக்கு நரகம். அன்று மழை வேறு. பிட்சர் நின்று எறியும் மேடு வழுக்கியதால் ஆட்டத்தின் நடுவிலேயே டொர்னாடோவை விட்டுவிட்டு, சுருக்கமான அசைவில் எறிய ஆரம்பித்தார். ஆட்டம் முடியும்வரை எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துவிட்டு ஓடி பேஸைப் பிடிப்பது) கிடைக்கவில்லை. இதைத்தான் நோ-ஹிட்டர் என்பார்கள். 9-0.

2001 ஏப்ரலில் பாஸ்டன் அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்தில் இன்னொரு நோ-ஹிட்டர். அமெரிக்காவில் மொத்தம் 123 வெற்றிகளோடு 2008இல் ஓய்வு பெற்றார், இந்த முறை நிஜமாகவே.