அந்த நோட்டீஸில் இருக்கும் 47 ஆயிரம்

மதிப்புக்குரிய ஐயா,

நீங்கள் அனுப்பிய நோட்டீஸைப் பார்த்தேன். இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் 47 ஆயிரம் செவிலியர் காலியிடங்கள் என்று சிவப்பு எழுத்தில் போட்டு, அடியில் ‘ஆதாரம்: அரசுப் புள்ளிவிவரம்’ என்றும் அச்சடித்திருக்கிறார்கள். நர்சிங் படிக்கும் மகளுக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து ஏஜென்டுக்கு எட்டு லட்சம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த எண் பொய்யில்லை, பழையது. அங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் 2022 செப்டம்பர் நிலவரக் கணக்கில் ஏறக்குறைய அவ்வளவு இருந்தது. 2024 மார்ச்சில் அதே கணக்கு 31 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது. இறங்கிய எண்ணை யாரும் சிவப்பு எழுத்தில் அச்சடிப்பதில்லை.

காலியிடம் என்றதும் நம் மனம் தேர்வாணைய அறிவிப்புக்குப் போய்விடுகிறது. இத்தனை இடம், இத்தனை பேரை எடுப்பார்கள் என்று. அங்கே அந்தச் சொல்லின் பொருள் வேறு. நிதி ஒதுக்கப்பட்ட பணியிடங்களிலிருந்து நிரந்தரப் பணியாளர்கள் நிரப்பிய இடங்களைக் கழித்தால் வருவது அது. அதில் பெரும்பகுதியை ஏற்கெனவே யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்: கூடுதல் ஷிப்ட் எடுக்கும் ‘பேங்க்’ செவிலியர்கள், ஏஜென்சி வழியாக வருபவர்கள். (பேங்க் என்பது பணம் போடும் இடமல்ல, கூடுதல் ஷிப்டுக்கு வரத் தயாராக இருப்பவர்களின் பட்டியல்.) ஆகவே ஒரு காலியிடம் உங்கள் மகளுக்காகக் காத்திருக்கும் ஒரு நாற்காலி என்று எண்ண வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மாதந்தோறும் வரும் பணியாளர் கணக்கில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று தலைகளை எண்ணுவது. மற்றொன்று வேலை நேரத்தை எண்ணுவது: வாரத்துக்கு 37.5 மணி நேரம் பார்ப்பவர் 1, 22.5 மணி நேரம் பார்ப்பவர் 0.6. ஏஜென்டுகள் எது பெரியதோ அதை எடுத்துக்கொள்வார்கள். அதோடு அந்தக் கணக்கு இங்கிலாந்துக்கு மட்டுமானது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து தனித்தனியாக வெளியிடுகின்றன. தனியார் மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் அதில் சேராது.

இதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டியதில்லை. அந்தக் கணக்கை எடுப்பவர்களிடமே கேட்கலாம். நான் கடிதம் எழுதுவதற்கு முக்கியக் காரணமே இதுதான். பிரிட்டனில் அரசுப் புள்ளிவிவரம் வெளியிடுவோருக்கு நடத்தை விதிகள் உண்டு. பயன்படுத்துவோரின் தேவையைக் கேட்டறிவதும், எண்ணுக்கு என்ன பொருள், எதற்கு அது உதவாது என்று விளக்குவதும் அவர்கள் கடமை. பயன்படுத்துவோர் என்றால் அமைச்சரும் ஆய்வாளரும் பத்திரிகையாளரும் மட்டும்தான் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வெளியீட்டிலும் தொடர்பு மின்னஞ்சல் முகவரி அச்சிடப்பட்டிருக்கும். வெளியீட்டுத் தேதியை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அன்று அவர்கள் நேரம் காலை 9.30, நம் கடிகாரத்தில் அங்கே கோடை என்றால் பிற்பகல் 2 மணி, குளிர்காலம் என்றால் 3 மணி.

மின்னஞ்சலை மகளே எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம். அவள் எடுக்கப்போகும் ஓ.இ.டி. (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) தேர்வின் எழுத்துப் பகுதியும் ஒரு கடிதம்தானே, பயிற்சியாகவும் இருக்கும். ‘எனக்கு வேலை கிடைக்குமா’ என்று கேட்டால் பதில் வராது. அது அவர்கள் வேலை இல்லை. காலியிடக் கணக்கில் பேங்க் செவிலியர் நிரப்பிய இடங்களும் அடங்குமா? பொது வார்டு, தீவிர சிகிச்சை என்று பிரித்துப் பார்க்க அட்டவணை இருக்கிறதா? குடியுரிமை வாரியான கணக்கில் இந்தியர் என்றால் இந்தியாவில் படித்தவர் என்று பொருளா, அல்லது தம் குடியுரிமை இது என்று பணியாளர் தாமே பதிந்துகொண்டதா? இப்படிக் குறிப்பாகக் கேட்கட்டும். தான் ஒரு நர்சிங் மாணவி, அயல்நாட்டிலிருந்து இந்த எண்களைப் பார்த்து முடிவெடுக்கிறேன் என்பதையும் எழுதட்டும். யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தால்தான் அவர்களும் அட்டவணையை, விளக்கக் குறிப்பை மாற்றுவார்கள்.

அதுவரை அவள் பார்க்க வேண்டிய வேறு கணக்கு, பிரிட்டனில் செவிலியர்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்.எம்.சி.யின் பதிவேடு. அங்கே செவிலியராகப் பணிபுரிய அதில் பெயர் ஏற வேண்டும். 2023-24இல் வெளிநாட்டில் படித்துவிட்டுப் புதிதாகப் பதிவானவர்கள் 30 ஆயிரத்தை ஒட்டி. அடுத்த ஆண்டு 20 ஆயிரம் சொச்சம். வெளிநாட்டு ஆள்சேர்ப்பை 2035க்குள் பத்து சதவீதத்துக்கும் கீழே கொண்டுவருவதாக 2025 ஜூலையில் அந்த அரசே அறிவித்தது. கதவு மூடவில்லை. பிரிட்டிஷாருக்கு அடுத்து என்.எச்.எஸ்.ஸில் அதிகம் இருப்பவர்கள் இந்தியர்களே. ஆனால் 2022இல் இருந்த அவசரம் இப்போது இல்லை. படிப்பு முடிந்ததும் இங்கே நல்ல வார்டில் இரண்டு ஆண்டு வேலை பார்க்கட்டும். அந்த அனுபவம் எந்த நாட்டுக்குப் போனாலும் செல்லும்.

எட்டு லட்சம் பற்றி ஒன்று. வேலை வாங்கித் தருவதற்கு விண்ணப்பதாரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று இங்கிலாந்தின் ஆள்சேர்ப்பு விதிமுறையே சொல்கிறது. தேர்வு, பதிவுக் கட்டணங்கள் வேறு. அவற்றுக்கு ரசீது உண்டு. இந்த எட்டு லட்சம் எதெதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளையும், மகளுக்கு வரும் பதிலையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். பத்திரம் அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும்.