ஏலகிரி: இரண்டாவது வளைவில் கார் வெளியே தள்ளுகிறதா?

வணக்கம் நண்பரே. ஏலகிரி ஏறும்போது இடது வளைவு நன்றாக வருகிறது, ஒட்டினாற்போல வரும் வலது வளைவில் மட்டும் கார் வெளியே தள்ளுகிறது, பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் ஆடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். தவறு முதல் வளைவிலேயே நடந்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

இடது வளைவு முடியும் முன்பே ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார் நடுக்கோட்டுப் பக்கம் அகன்றுவிடும். ஆனால் அடுத்த வலது வளைவுக்கு உங்கள் பாதையின் இடது ஓரத்தில் இருக்க வேண்டும். நடுக்கோட்டுப் பக்கமிருந்து நுழைந்தால் வளைவு இறுக்கமாகி கார் வெளியே தள்ளும்; இடது ஓரத்திலிருந்துதான் எதிரே வரும் பஸ்ஸும் சீக்கிரம் தெரியும். அதனால் முதல் வளைவில் வேகம் கூட்டாதீர்கள். கார் அதே வேகத்தில் ஏறும் அளவுக்கு மட்டும் மிதித்து, இடது ஓரமாகவே வெளியே வாருங்கள். இரண்டாவதும் முடிந்து ஸ்டியரிங் நேராகும்போது தாராளமாக மிதிக்கலாம்.

வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்சக்கரங்களுக்குப் போய், பின்சக்கரங்களின் பிடி குறையும். நீங்கள் சொன்ன ஆட்டம் அதுதான். பிரேக், கியர் எல்லாம் நுழைவதற்கு முன்பே முடியட்டும்.

சென்னையில் நேர்ச் சாலையும் சிக்னலும்தான் அதிகம், கால் பழகாததில் ஆச்சரியமில்லை. ஞாயிறு விடியற்காலையில் கத்திப்பாரா மேம்பாலத்தின் சுற்றுப்பாதையில் மெதுவாக, ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் பிடித்து ஓட்டிப் பாருங்கள். அப்புறம் மலைக்குப் போகலாம்.