லாட் மட்டும்தானா?

அன்புள்ள ஐயா,

கிள்ளானில் இருக்கிறேன். கிராஃபிக் டிசைன் படித்துவிட்டு ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். நாளிதழில் வாராவாரம் படத்தொடர் வரைய வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. வீட்டில் சொன்னால், "மலேசியாவுக்குக் கார்ட்டூனிஸ்ட் என்றால் லாட் ஒருத்தர்தான், அவருக்கு அதிர்ஷ்டம்" என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா? டேப்லெட்டில் வரைவதா, மைப்பேனாவிலா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வேலையை விடாதீர்கள். மற்றதை இனி பேசலாம்.

அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் லாட் கோலாலம்பூருக்கு வந்த கதையைப் பாதிதான் கேட்டிருப்பார்கள். லாட்டின் இயற்பெயர் முகமட் நோர் காலிட். பேராக் மாநிலத்துக் கம்பத்துப் (மலாய்க் கிராமத்துப்) பையனான அவரது முதல் காமிக்ஸ் 1964-ல் பினாங்கில் அச்சானபோது அவருக்கு 13 வயது. வரைந்தவர் பெரியவர் என்றே பதிப்பகத்தார் நினைத்திருந்தார்கள். 1968-ல், பள்ளியில் படிக்கும்போதே, பெரித்தா மிங்கு என்ற மலாய் ஞாயிறு இதழில் 'கெலுவார்கா சி மாமாட்' படத்தொடர் ஆரம்பித்துவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு 1970-ல் கோலாலம்பூர் வந்து ஓவியர் வேலை கேட்டால், இடம் இல்லை. பத்திரிகை ஆசிரியர் ஏ. சமாட் இஸ்மாயில் கொடுத்தது குற்றச்செய்தி நிருபர் வேலை.

லண்டன் படிப்பு, விருதுகள் எல்லாவற்றையும் விட அந்த நிருபர் வேலைதான் அவரை உருவாக்கியது என்பது என் கணிப்பு. கம்பத்திலிருந்து வந்த இளைஞனுக்கு இந்த நகரத்தைச் சுற்றிப் பார்க்க மாதச் சம்பளம் கிடைத்தது! பிற்பாடு அவர் வரைந்த சீக்கியத் திருமணத்தைத் தேடிப் பாருங்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் யாரும் மட்டம் தட்டப்படவில்லை. பந்தலில் ஓரமாக நின்று நேரம் போவது தெரியாமல் வேடிக்கை பார்த்தவனுக்குத்தான் அது கைவரும்.

1974-ல் சுன்னத்துச் சடங்கு பற்றி அவர் வரைந்தது ஹாங்காங்கிலிருந்து வந்த ஏஷியா மேகசினில் வெளியானது. அதைப் பார்த்து வியந்த நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் ஆசிரியர் லீ சியூ யீ யார் இந்த ஆள் என்று விசாரித்தால், தங்கள் கட்டடத்திலேயே நிருபராக உட்கார்ந்திருக்கிறார். (வெளியூர்க்காரன் கைதட்டிய பிறகுதான் பக்கத்து மேசைக்காரன் நம் கண்ணில் படுவான். தமிழ்ப் பத்திரிகைகளும் இதில் சளைத்தவை அல்ல.) அப்புறம்தான் 'மலேசிய வாழ்க்கைக் காட்சிகள்' பத்தி. சம்பள வேலையை அவர் விட்டது 1984-ல். அவரது படக்கதைப் புத்தகம் 'கம்போங் பாய்' வெளிவந்து ஐந்து வருடம் கழித்து. மாமாட் தொடரோ ஞாயிறுதோறும் 26 வருடம் ஓடியது. இதில் எந்த இடத்தில் அதிர்ஷ்டத்தை வைப்பது என்று உங்கள் வீட்டாரிடமே கேளுங்கள்.

சரி, உங்கள் நிலைமை வேறு. 1924-ல் தொடங்கிய தமிழ் நேசனே 2019-ல் நின்றுவிட்டது. மிச்சமிருக்கும் நாளிதழ்களில் ஓவியருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஞாயிறு பதிப்புச் சிறுகதைக்கு ஒரு படம், தீபாவளி மலருக்கு ஓர் அட்டை. படத்துக்கு இவ்வளவு என்று தருவார்கள், அதை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது.

தமிழில் படத்தொடர் வரைகிறவனுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நம் சொற்கள் நீளமானவை. "போயிருக்கவேண்டியதில்லை" என்று ஒரு பாத்திரம் சொன்னால் கட்டத்தில் பாதி இடம் அதற்கே போய்விடும். எழுத்தைச் சின்னதாக்கினால் நாளிதழ்த் தாளில் மை பரவி கொம்பும் சுழியும் ஒட்டிக்கொள்ளும். அச்சகத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பேச்சைக் குறையுங்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பேரம் பேசும் அம்மாவின் கை, மாமாக் சாப்பாட்டுக் கடையில் பில் வரும் நேரம் பார்த்துக் கைப்பேசியை எடுக்கும் நண்பன், இவர்களுக்கு வசனமே தேவைப்படாது. பேசித்தான் ஆக வேண்டும் என்றால் பேச்சுத்தமிழில் பேசட்டும். அதுவே கொஞ்சம் இடத்தை மிச்சப்படுத்தும்.

டேப்லெட்டோ பேனாவோ, எதில் வேகமாக வருகிறதோ அதில் வரையுங்கள். வரைந்ததை அச்சாகும் அளவுக்குச் சுருக்கி, சாதாரணத் தாளில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். மெல்லிய கோடுகள் எங்கே காணாமல் போகின்றன என்று தெரிந்துவிடும்.

ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு நல்ல படத்தைப் பார்த்ததும் அவருக்கு வரும் முதல் சந்தேகம், அடுத்த வாரம் இவன் இருப்பானா என்பதுதான். மூன்று மாதத்துக்கு வேண்டியதைக் கட்டாகக் கொண்டுபோய் அவர் மேசையில் வையுங்கள்.